மஞ்சள் முகத்துக்குப் பெயர் வந்த கதை

லெகோ கட்டைகளால் குழந்தைகள் எழுப்பிய வீடுகளில் குடியேற 1978-ல்தான் சரியான ஆள் வந்தான். கை கால் அசைக்கும் அந்தக் குட்டி மனிதனின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு புன்னகை. எந்த இனத்தையும் சாராதிருக்கட்டும் என்றுதான் மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். அவனுக்குப் பெயர் கிடையாது. அதை வைப்பது குழந்தையின் உரிமை.

இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியது. கட்டையின் காப்புரிமை காலாவதியானதால் போட்டியாளர்களும் அதே மாதிரிக் கட்டைகளை விற்றார்கள். வீடியோ கேம் குழந்தைகளை இழுத்துக்கொண்டது. 1998-ல் லெகோவைத் தயாரிக்கும் டென்மார்க் நிறுவனம் முதன்முறையாக நஷ்டம் கண்டது. மறு ஆண்டே உரிமம் பெற்று 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத் தொகுப்புகளை இறக்கியது. நவீனப் போர்க் கருவிகளைப் பொம்மையாக்குவதில்லை என்று கொள்கை வைத்திருந்த நிறுவனம் அது. பெயரிலேயே போர் உள்ள படத்துக்கு நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஆனால் தொகுப்புகள் அமோகமாக விற்றன. 2001-ல் ஹாரி பாட்டரும் வந்தான்.

இப்படிக் குட்டி மனிதனுக்குத் திரைப்படப் பாத்திரத்தின் பெயர் வந்ததும் முகமும் மாற வேண்டியதாயிற்று. ஸ்டார் வார்ஸின் கறுப்பினக் கதாபாத்திரமான லாண்டோ கால்ரிசியனை மஞ்சளில் எப்படிச் செய்வது? 2003-ல் அவருக்குப் பழுப்பு முகம் கிடைத்தது. 2004 முதல் திரைப்படப் பாத்திரங்களுக்கு அவரவர் தோல் நிறமே வழக்கமானது. லெகோவின் சொந்தத் தொகுப்புகளில் மட்டும் மஞ்சள் நிலைத்தது.

அதே 2003-ல் கடன் வாங்கிய புகழின் ஆபத்தும் தெரிந்தது. அந்த ஆண்டு ஸ்டார் வார்ஸ் படமும் இல்லை, ஹாரி பாட்டர் படமும் இல்லை. அந்தத் தொகுப்புகளின் விற்பனை சரிந்தது; வேறு செலவுகளும் சேர்ந்து நிறுவனம் பெரும் நஷ்டத்தில் விழுந்தது. மீண்டபோது உரிமங்களைக் கைவிடவில்லை. கூடவே 2011-ல் வந்த 'நிஞ்ஜாகோ' போலச் சொந்தக் கதைகளையும் வளர்த்தது.

படத்தின் பெயர் குழந்தையைக் கடைவரை அழைத்துவரும். வீட்டில் அந்தக் குழந்தையைப் பல வருடம் உட்காரவைப்பது கட்டையின் பொருத்தம்தான். ஸ்டார் வார்ஸின் டார்த் வேடர் நிற்கும் கட்டையிலேயே பெயரில்லாத தீயணைப்பு வீரனும் நிற்கலாம்; 1958-ல் செய்த கட்டையும் இன்றைய கட்டையோடு சேரும். ஆகவே, வாங்கிக்கொடுக்கும் பெற்றோரே, விண்கலத்தைக் கட்டி முடித்ததும் அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். பிரித்துக் கலக்கட்டும், அடுத்த கதையைக் குழந்தை சொல்லட்டும்.