தளம் வந்தது, சனம் வந்தது, காணி வரேல்லை

திருகோணமலை எண்டதும் எல்லாரும் துறைமுகத்தின்ர ஆழத்தைப் பற்றித்தான் கதைப்பினம். அந்தத் துறைமுகத்தில வேலைக்கு வந்த சனம் எந்தக் காணியில அடுப்பு மூட்டினது எண்டு கேட்கிற ஆக்கள் குறைவு. ஊரின்ர வரலாற்றை அந்தப் பக்கத்தில இருந்தும் ஒருக்காப் பார்ப்பம்.

1905 அளவில் பிரித்தானியக் கடற்படை, கப்பல்களைத் தன் நாட்டுக்குக் கிட்டக் குவிப்பதற்காக இங்கிருந்த டொக்யாட்டை மூடியது. குடிசன மதிப்பீட்டில் அது தெரிகிறது. 1901இல் மாவட்டத்தில் 28,441 பேர், 1911இல் 29,755. பத்து வருசத்தில் கூடினது 1,300 பேரளவுதான். பிறகு சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழும்பின. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் திருமலை முன்னரங்கத் தளமாகியது. ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. கப்பற்படை கென்யாப் பக்கம் ஒதுங்கி, 1944இல் திரும்பி வந்தது. 1921இல் 34,112 ஆக இருந்த மாவட்டச் சனத்தொகை 1946இல் 75,926.

இரண்டு மடங்குக்கு மேல்! ஆனால் வேலைக்கு வந்தவைக்குக் கிடைச்சது வேலைதான், காணி இல்லை. தளத்தின்ர குவாட்டர்ஸ் வேலையோட வரும், வேலையோட போகும். எத்தனை வருசம் இருந்தாலும் அது உங்கட வளவு ஆகாது.

அது 1957இல் வெளிச்சமானது. பண்டாரநாயக்க அரசாங்கம் கேட்டபடி ஒக்டோபர் 15இல் பிரித்தானியா தளத்தைக் கையளித்தது. நாட்டின் இறைமைக்கு அது பெரிய வெற்றி, மறுப்பில்லை. டொக்யாட் தொழிலாளருக்கோ அது வேலைநீக்கம். வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பதவியாவில் குடியேற்ற அரசாங்கம் திட்டம் போட்டது. அவர்களுக்கு ஒதுக்கிய காணிகளைச் சிங்களக் குடியேறிகள் முந்திப் பிடித்துக்கொண்டார்கள். 1958 மே வன்முறைக்கு முன்னான பதற்றங்களில் இதுவும் ஒன்று. 58ஐ மொழிப் பிரச்சினையாக மட்டும் படிக்கிற எங்களுக்கு, அதுக்குள்ள ஒரு வீட்டுப் பிரச்சினையும் இருந்தது எண்டு ஆரும் சொல்லித் தாறேல்லை.

தளம் போனபிறகும் மாவட்டம் வளர்ந்தது. 1953இல் 83,917, 1963இல் 138,553. இந்த முறை சனத்தைக் கொண்டுவந்ததில் கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வீடும் வயலும் சேர்த்தே கொடுத்தார்கள், கூடுதலாக வெளி மாவட்டச் சிங்களக் குடும்பங்களுக்கு. அரசாங்கத்தால் காணி கொடுக்க ஏலாது எண்டில்லை. ஆருக்குக் கொடுக்கிறது எண்டதுதான் கேள்வி.

டொக்யாட் இண்டைக்கு இலங்கைக் கடற்படையின் தளம். குடாவுக்கு மற்றப் பக்கம் சம்பூர். 2006இல் இடம்பெயர்ந்த அந்தச் சனம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிட்டத்தட்டப் பத்து வருசம் கிடந்தது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணி அதுக்குப் பிறகுதான் வந்தது. 1957இல் தளம் போனதால் சனம் தெருவுக்கு வந்தது; 2006க்குப் பிறகு முகாம் வந்ததால் வந்தது. இரண்டு முறையும் காணி முடிவை எடுத்த மேசையில் அங்க குடியிருந்த ஆக்கள் இருக்கேல்லை.

திருமலைக்குத் துறைமுக நகரம், எண்ணெய் மையம் எண்டு திட்டங்கள் வந்துகொண்டே இருக்கு. எத்தனை பேருக்கு வேலை எண்டு முதல் பக்கத்தில போடுவினம். நாங்கள் தேட வேண்டியது, வேலைக்கு வாற சனத்துக்கும் ஏற்கனவே இருக்கிற சனத்துக்கும் ஆற்ற பேரில உறுதி எழுதப்படும் எண்ட பக்கத்தை.