ஓப்பன்இன்ட்ரோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்

ஓப்பன்இன்ட்ரோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கல்லூரித் தொடக்கநிலைப் புள்ளியியலுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கட்டற்ற பாடநூல். டேவிட் டீஸ், மினே செட்டின்காயா-ருண்டெல், கிறிஸ்டஃபர் பார் ஆகிய மூவரும் இதன் ஆசிரியர்கள். நூலின் பிடிஎஃப் கோப்பை எவரும் பணம் செலுத்தாமல் பதிவிறக்கலாம். அச்சுப் பிரதி விலைக்குக் கிடைக்கிறது.

பதிப்புகள்

முதல் பதிப்பு 2011இல் வெளிவந்தது. 2012, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அடுத்த மூன்று பதிப்புகள் வந்தன. இத்தகைய கட்டற்ற நூல்களுக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில் வணிகப் பதிப்பகங்களின் புள்ளியியல் பாடநூல்கள் 100 டாலருக்கு மேல் விற்பது சாதாரணம். புதிய பதிப்பில் பயிற்சிக் கணக்குகள் மாறிவிடுவதால் பழைய நூலை வாங்கிப் படிப்பதும் கடினம். திறந்த பாடநூல்களின் தேவையை உணர்த்திய காரணங்களில் இவை முதன்மையானவை.

உள்ளடக்கம்

நான்காம் பதிப்பில் ஒன்பது இயல்கள் உள்ளன. தரவு அறிமுகத்தில் தொடங்கி, தரவைச் சுருக்கிக் கூறல், நிகழ்தகவு, சமவாய்ப்பு மாறிகளின் பரவல்கள், புள்ளியியல் அனுமானம் வழியாகத் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் நூல் முடிகிறது.

சூத்திரத்தைவிடத் தரவை முன்னிறுத்துவதே இதன் சிறப்பு. முதல் இயல் ஒரு மருத்துவ ஆய்வோடு தொடங்குகிறது. பக்கவாத ஆபத்துள்ள 451 நோயாளிகளில் 224 பேருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. 227 பேர் கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தனர். ஓராண்டு முடிவில் ஸ்டென்ட் குழுவில் 45 பேருக்கும் மற்றக் குழுவில் 28 பேருக்கும் பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. 20 விழுக்காட்டுக்கும் 12 விழுக்காட்டுக்கும் உள்ள இந்த இடைவெளி தற்செயலானதா என்ற கேள்வியே பாடத்தின் வாசல்.

அதற்கு விடை காணும் முறையை இரண்டாம் இயலின் மலேரியாத் தடுப்பூசி ஆய்வு காட்டுகிறது. தடுப்பூசி பெற்ற 14 பேரில் 5 பேருக்கும், பெறாத 6 பேரில் அனைவருக்கும் தொற்று வந்தது. 11 அட்டைகளில் 'தொற்று' என்றும் 9 அட்டைகளில் 'தொற்று இல்லை' என்றும் எழுதி, நன்றாகக் கலைத்து, 14, 6 எனப் பிரித்து வைக்க வேண்டும். இப்படிக் கலைப்பது, தடுப்பூசியால் எந்தப் பயனும் இல்லை என்று கொள்வதற்கு ஒப்பு. இதைப் பலமுறை செய்தால், இவ்வளவு பெரிய வேறுபாடு நூறில் ஒன்றிரண்டு முறைதான் வரும். எடுகோள் சோதனையின் கருத்தை மாணவர்கள் இவ்வாறு சூத்திரத்துக்கு முன்பே தம் கையால் செய்து புரிந்துகொள்கிறார்கள்.

நூலில் வரும் தரவுத் தொகுப்புகளும், 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளில் செய்வதற்கான ஆய்வகப் பயிற்சிகளும் கட்டணமின்றித் தரப்படுகின்றன.

உரிமம்

நூல் கிரியேட்டிவ் காமன்ஸ் 'பெயர் குறிப்பிடல் – அதேபோல் பகிர்தல்' 3.0 உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, மாற்றிய வடிவத்தையும் இதே நிபந்தனையில் பகிர்வோர், நூலை நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். அச்சுக்கோப்புக்குப் பயன்பட்ட லேட்டெக் மூலக்கோப்புகளும் கிடைப்பதால், இந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

பிற திறந்த நூல்கள்

ஓப்பன்இன்ட்ரோவின் வெளியீடாக, செட்டின்காயா-ருண்டெலும் ஜொஹானா ஹார்டினும் எழுதிய 'இன்ட்ரொடக்‌ஷன் டு மாடர்ன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' 2021இல் வந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட 'இன்ட்ரொடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் ஆகியோர் கலிபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரியில் கற்பித்தபோது உருவாக்கிய நூலிலிருந்து வளர்ந்தது.

மதிப்பீடு

ஓப்பன்இன்ட்ரோ நூலின் எடுத்துக்காட்டுகளில் பல அமெரிக்க வாழ்வைச் சார்ந்தவை. அந்நாட்டுக் கவுண்டிகளின் தரவும் கடன் தரவும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிற நாட்டு மாணவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றலாம். விலையின்மையைவிடத் திருத்தும் உரிமை பெரிதாவது இங்கேதான். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கற்பிக்கும் ஆசிரியர், அந்த எடுத்துக்காட்டுகளுக்குப் பதிலாக உள்ளூர் மழையளவையும் நெல் விளைச்சலையும் சேர்த்து, நூலைத் தமிழாக்கி, தம் மாணவர்களுக்கு வழங்கலாம். அதற்கு எவரிடமும் தனியே அனுமதி கேட்க வேண்டியதில்லை.