பதினான்கு நாள்

அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நேயர்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டது ஓர் எண்ணின் வரலாறு. அந்த எண் 14. தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் வளரும் மனிதக் கருவை எத்தனை நாள் வரை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற வினாவுக்கு இங்கிலாந்து கண்ட விடை அது. இன்று ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைப் பற்றி எழும் சர்ச்சைகள் பல, சுற்றி வளைத்து அந்த எண்ணில்தான் வந்து முட்டிக்கொள்கின்றன.

1978-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, வட இங்கிலாந்திலுள்ள ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறந்த முதற் குழந்தை அதுவே. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸும், மருத்துவர் பாட்ரிக் ஸ்டெப்டோவும், அவர்களுடன் உழைத்த ஜீன் பர்டி அம்மையாரும் பல்லாண்டு பாடுபட்டுக் கண்ட பலன். குழந்தைப் பேறற்ற தம்பதிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியின் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்தது. இம்முறையில் தேவைக்கு மேற்பட்ட கருக்கள் உண்டாகும். எஞ்சியவற்றை என்ன செய்வது? எறிந்துவிடலாமா? எறியப்படுவதை ஆராயலாமா? ஆராய்வதற்கென்றே புதிதாக உண்டாக்கலாமா? அது பொருளா, ஆளா?

சர்க்கார் 1982-ல் ஒரு கமிட்டியை நியமித்தது. மருத்துவர், வழக்கறிஞர், சமயத் துறைப் பேராசிரியர், சமூக ஊழியர் எனப் பதினாறு பேர் அதில் இருந்தனர். தலைமை வகித்தவர் மேரி வார்னாக் அம்மையார். அவர் விஞ்ஞானியல்லர், தத்துவம் கற்பித்தவர். இந்தத் தேர்வு பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். எழுந்த வினா நுண்பெருக்கியில் பார்த்து விடை சொல்லக்கூடிய வினாவன்று.

கருவளர்ச்சி இயலில் பெயர் பெற்ற ஆன் மக்லாரன் அம்மையாரும் அக்கமிட்டியில் இருந்தார். அவர் சக அங்கத்தினருக்கு விளக்கிய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவுற்ற முட்டை இரண்டாகி, நான்காகி, ஐந்தாறு நாளில் நூறு, இருநூறு அணுக்கள் கொண்ட ஒரு சிறு பந்தாகிறது. அவற்றுட் பெரும்பகுதி பின்னால் நஞ்சுக்கொடி போன்ற துணையுறுப்புக்களாகும், சிறுபகுதியே குழந்தையாகும். பதினைந்தாம் நாளை ஒட்டி அதன்மேல் மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. ஆதிரேகை என்று அதற்குப் பெயர். முதுகு எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்பது அப்போதுதான் உறுதியாகிறது. அதற்கு முன்னர் அக்கரு இரட்டையாகப் பிரிந்துவிடவும் கூடும். ஒருவரா இருவரா என்றே முடிவாகாத நிலை. நரம்பு மண்டலம் தொடங்கவில்லை; ஆகையால் வலியும் இல்லை.

இதிலிருந்துதான் 14 நாள் பிறந்தது. எனினும் பதினான்காம் நாள் இரவு வரை பொருள், விடிந்ததும் ஆள் என்று வார்னாக் சொன்னாரில்லை. வளர்ச்சி இடையறாது ஓடுவது; கோடு போடுவது சட்டத்தின் வேலை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆதிரேகை தோன்றும் வரை என்று எழுதினால் தோன்றியதா இல்லையா என்று வழக்கு வரும். நாட்கணக்கில் எழுதினால் எண்ணத் தெரிந்த எவரும் தீர்ப்புச் சொல்லலாம். அதனாலேயே அவர் எண்ணை வற்புறுத்தினார்.

1984-ல் அறிக்கை வெளிவந்தபோது பதினாறு பேரும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. கருவின்மீது எவ்வித ஆராய்ச்சியும் கூடாது என்று மூவர் தனிக்குறிப்பு எழுதினர். எஞ்சிய கருவை ஆராயலாம், ஆனால் ஆராய்ச்சிக்கென்றே கருவை உண்டாக்கலாகாது என்று வேறு நால்வர் எழுதினர்.

மறு ஆண்டு பிப்ரவரியில் ஈனாக் பவல் பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். குடியேறுபவர்களுக்கு எதிராக 1968-ல் பேசி உலகெங்கும் பெயர் கெட்டவர் அவர்தாம். வார்னாக் அறிக்கையைப் படித்தபோது தம் உள்ளத்தில் எழுந்த அருவருப்பே தம்மை இதில் இறக்கியதென்று அவர் கூறினார். தாய்க்குக் கருவைத் தருவதற்கன்றி வேறெதற்கும் அதை உண்டாக்கவோ வைத்திருக்கவோ கூடாதென்பது அவர் மசோதா. இரண்டாம் வாசிப்பில் 238 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் 66 பேரே. ஆராய்ச்சி அன்றோடு தீர்ந்தது என்றே பலர் எண்ணினர்.

தீரவில்லை. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மசோதாவுக்கு மேலும் நேரம் பெற அதன் ஆதரவாளர்கள் காத்திருந்தார்கள். தொழிற் கட்சி அங்கத்தினர் டென்னிஸ் ஸ்கின்னர் எழுந்து, பிரக்கன்-ராட்னர் தொகுதியின் இடைத்தேர்தலுக்கு உத்தரவு பிறப்பிக்க வேண்டுமென்று பேசத் தொடங்கினார். சபை விதிப்படி அதற்கே முதலிடம். அவர் பேசிக்கொண்டே இருந்தார்; நேரம் கழிந்தது; மசோதாவும் கழிந்தது. வாதத்தால் தோற்காத ஒரு மசோதா கடிகாரத்தால் தோற்றது. ஆராய்ச்சியை விரும்புவோர்கூட இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள முடியாது.

பின்னர் ஐந்தாண்டு இரு தரப்பாரும் மக்களிடம் சென்றனர். அக்காலத்தில் விஞ்ஞானிகள் சிலர் பதினான்கு நாளுக்குட்பட்டதைக் கரு என்னாமல் முன்கரு என்று அழைக்கத் தலைப்பட்டனர். பெயரை மாற்றிக் கேள்வியை ஒளிக்கிறார்கள் என்று எதிர்த் தரப்பார் குற்றஞ் சாட்டினர். அச்சொல்லின்மீது அவர்கள் கொண்ட ஐயம் நியாயமானதே. நல்ல வேளையாக அச்சொல் சட்டத்தில் இடம் பெறவில்லை.

1990-ல் சர்க்கார் தன் மசோதாவில் இரண்டு மாற்று விதிகளை வைத்தது. ஒன்று முழுத் தடை; மற்றொன்று 14 நாள் வரை அனுமதி. கட்சிக் கட்டளையின்றி அவரவர் மனச்சாட்சிப்படி வோட்டளிக்கலாம் என்றது. பிரபுக்கள் சபையில் யார்க் நகர ஆர்ச்பிஷப் ஜான் ஹாப்குட் ஆராய்ச்சியை ஆதரித்துப் பேசினார். அவர் முன்னாளில் உடலியல் பயின்றவர். சமயம் ஒரு பக்கம், விஞ்ஞானம் மறுபக்கம் என்று இதை எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதற்கு அவரே சான்று. காமன்ஸ் சபை ஏப்ரல் 23-ந் தேதி வோட்டளிப்பதற்குச் சில நாள் முன்னர், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹாண்டிசைடு குழுவினர் பரம்பரை நோய்க்கு ஆளாகாத கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, தாய்மார் கருவுறச் செய்த செய்தி வெளியாயிற்று. அனுமதிக்கு 364 வோட்டு, தடைக்கு 193.

குருத்தணு இதற்குப் பின்னரே வருகிறது. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன், நான் முன்பு சொன்ன அந்தச் சிறு பந்தின் உள்ளணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார். எந்த உறுப்பின் அணுவாகவும் மாறவல்லவை அவை. நடுக்குவாதம், நீரிழிவு ஆகியவற்றுக்கு மருந்தாகலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் அவற்றை எடுத்தால் கரு அழியும். அமெரிக்கா பணத்தின்மீது கோடு போட்டது. ஜனாதிபதி புஷ் 2001 ஆகஸ்டு 9-ந் தேதி, அதற்கு முன்பே எடுக்கப்பட்ட அணுக்களுக்கு மட்டுமே மத்திய சர்க்கார் பணம் என்றார். சொந்தப் பணத்தில் ஆராய்ந்தவரை அந்த ஆணை கட்டுப்படுத்தவில்லை. ஒரே செயல் ஒரு கட்டடத்தில் தகாததும் அடுத்த கட்டடத்தில் தகுவதுமாயிற்று. இங்கிலாந்தோ பணம் யாருடையது என்று பாராமல் நாளை எண்ணியது. கடும் நோய்களுக்கான ஆய்வையும் 2001-ல் தன் சட்டத்துக்குட் கொண்டுவந்தது. நம் இந்திய நாட்டின் குருத்தணு ஆராய்ச்சி நெறிமுறைகளும் அதே 14 நாளை ஏற்றன.

இவ்வளவு அமைதியாக அந்த எண் நின்றதற்கு ஒரு காரணத்தை மறைத்தலாகாது. அது வகுக்கப்பட்ட காலத்தில் பதினான்கு நாள் வரை கருவைத் தட்டில் வளர்க்கவே எவராலும் முடியவில்லை. எட்டாத கனிக்கு வேலி போட்டார்கள். 2016-ல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் இரு குழுவினர் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்துவிட்டுச் சட்டத்துக்காக நிறுத்தினர். அப்போதுதான் வேலி முதன்முதலாக ஒருவர் காலில் இடித்தது. 2021-ல் குருத்தணு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் தன் நெறிமுறையைத் தளர்த்தியது. 2024-ல் இங்கிலாந்தின் மேற்பார்வை அமைப்பே 28 நாளாக உயர்த்தலாமென்று பரிந்துரைத்தது.

1990-ல் எதிர்த்து வோட்டளித்த 193 பேரில் பலர் அஞ்சியது இதையேதான்; இன்று 14 என்பார்கள், நாளை வேறொன்று என்பார்கள் என்று. அவர்களுக்கு அன்று கூறப்பட்ட சமாதானம், இது மாறாத எல்லை என்பது. 2019-ல் மறைந்த வார்னாக் அம்மையாரும் தம் இறுதி ஆண்டுகளில் அந்த எல்லையை நகர்த்துவதை வரவேற்கவில்லை. விஞ்ஞானிகள் கேட்கும் அந்தப் புதிய நாட்களில்தான் கருச்சிதைவுக்கும் பிறவிக் குறைகளுக்கும் காரணமான மாறுதல்கள் பல நிகழ்கின்றன என்பது உண்மை. 22-ம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது என்பதும் உண்மை.