ஓதுதலும் உணர்தலும்

திண்டிவனம்–புதுவைச் சாலையிலுள்ள கிளியனூரானாலும், தென்கடலோரக் கீழக்கரையானாலும், நம் சிறார்க்குக் கல்வி இரு கூறு: மதரஸா, பள்ளிக்கூடம். நன்மை தீமையைச் சீர்தூக்கும் ஆற்றலை அளிப்பது எது?

அரசு முழுச் செலவில் நடத்தும் பள்ளிகளில் சமய போதனை கூடாதென்பது அரசியல் சட்டத்தின் 28ஆம் விதி. அதனால் நேரும் குறையை எண்ணியே, 1959இல் அமைந்த ஸ்ரீபிரகாசா குழு ஒழுக்கக் கல்வியைப் பரிந்துரைத்தது. ஆனால், பாடமாகிவிட்ட ஒழுக்கம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது.

மதரஸாவிலோ, பொருளுணராது ஓதுவதோடு நாமும் நின்றுவிடுகிறோம். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் நூல்கள் இயற்றியது, பாமரரும் மார்க்கத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்ளவே அன்றோ? விளங்காதவன் கீழ்ப்படியலாம், தீர்மானிக்க இயலாது.

எத்தனை சூறா மனனம் என்று பிள்ளைகளைக் கேட்கும் நாம், அமானிதத்தை ஏன் பேண வேண்டும் என்றும் கேட்போமாக!