யாஸ்னயா பொலியானாவிற் பிறந்த கதை

எழுதுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு வெற்றுத்தாளை நோக்கித் திகைத்திருக்கும் சிறுவன் எக்காலத்துப் பள்ளிக்கும் புதியவன் அல்லன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமையால் அவன் திகைக்கின்றானா? அன்றி, மனத்திலே நெருங்கி நிற்பவற்றுள் எதனை முதலிற் சொல்வதென்று அறியாமையால் திகைக்கின்றானா? இவ்வினாவுக்கு விடை தேடியவருள் ருஷிய நாட்டுப் பேரெழுத்தாளர் லியோ டால்ஸ்டாயும் ஒருவர்.

மொஸ்கோ நகருக்குத் தெற்கே, தூலா நகரின் அயலிலே உள்ள யாஸ்னயா பொலியானா அவர் பிறந்த ஊர். அங்கே 1859ஆம் ஆண்டிற் குடியானவர் பிள்ளைகளுக்கென அவர் ஒரு பள்ளியைத் தொடக்கினார். நிலத்தோடு பிணைக்கப்பட்டு அடிமைகளாய்க் கிடந்த அம்மக்கள் சட்டப்படி விடுதலை பெற்றது 1861இலேதான். அவர்களுடைய குடிசைகளுட் பெரும்பாலானவற்றில் ஏடும் எழுத்தும் புகாத காலம் அது.

பள்ளியில் முதலிற் கொடுக்கப்பட்ட கட்டுரைப் பொருள்கள் ரொட்டி, குடிசை, மரம் என்பன போன்ற எளிய பொருள்கள். ஆயினும், அவற்றைக் கேட்ட பிள்ளைகள் கண்ணீர் விடும் நிலையை அடைந்தனர். ரொட்டிக்குரிய தானியம் எவ்வாறு விளைகின்றது, ரொட்டி எவ்வாறு செய்யப்படுகின்றது, எவ்வாறு பயன்படுகின்றது என ஆசிரியர் பகுத்துக் காட்டியும் பயன் விளையவில்லை. ஆனால், நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதுமாறு கூறியபோது அப்பிள்ளைகளே மகிழ்ந்து எழுதினர். பெரியவர் வகுத்த எலும்புக்கூடு எவ்வளவு ஒழுங்காயிருப்பினும், அதற்கு உயிர் கொடுப்பது பிள்ளையின் அநுபவமே என்பதை டால்ஸ்டாய் அன்று கண்டார்.

ஒருநாள் அவர் ஒரு பழமொழித் தொகுதியுடன் வகுப்பினுட் புகுந்தார். கரண்டியால் உணவூட்டிவிட்டு அதன் காம்பினாலே கண்ணைக் குத்துபவனைப் பற்றிய ருஷியப் பழமொழி ஒன்றை எடுத்துக்கொண்டார். இட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுதல் என நம்மவர் கூறுவதும் ஏறக்குறைய இதுவே. குடியானவன் ஒருவன் இரங்கி ஓர் ஏழை முதியவனை வீட்டிற் சேர்த்துக்கொள்கின்றான். பின்னர் அவ்வுபகாரத்தையே குத்திக்காட்டுகின்றான். இதனைக் கதையாக்குக என்றார். அரிது என்றனர் மாணாக்கர். ஆதலின் அவரே எழுதத் தொடங்கினார்.

முதற் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. உடனே வாதம் எழுந்தது. முதியவனை மந்திரவாதி ஆக்குவோம் என்றான் ஒருவன். வேண்டாம், போர்வீரனாய் இருக்கட்டும் என்றான் மற்றொருவன். அவன் அவ்வீட்டாரின் பொருளைத் திருடட்டும் என்றான் வேறொருவன். அது பழமொழிக்குப் பொருந்தாது என மறுத்தனர் பிறர். கதையின் கருத்துக்கு ஏற்றது எது, ஏலாதது எது என்று பிரித்தறியும் ஆற்றல் அக்கணமே அவர்களிடத்துத் தோன்றிவிட்டது.

அவ்வாதத்தில் முன்னின்றோர் சேம்கா, பேத்கா என்னும் இரு சிறுவர். சேம்கா கண்ணாற் கண்டவற்றை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்குவான். பேத்காவோ உள்ளத்தைத் தொடும் குறிப்பை மட்டும் தெரிந்தெடுப்பான். கதையில் வரும் அயலவன் ஒரு பெண்ணின் உரோம அங்கியை அணிந்திருந்தான் என்று பேத்கா கூறினான். அந்த ஒரு குறிப்பினாலே அம்மனிதனின் மெலிந்த உருவமும், மாரிக்கால மாலைப்பொழுதும் தம் கண்முன் நின்றன என வியந்தார் டால்ஸ்டாய். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பதினொரு மணி வரையும் நீண்டது.

பின்னர் அவர் வெளியூர் சென்றிருந்த வேளையிற் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. தாளை மடித்து விளையாடும் வேடிக்கை பள்ளியிற் பரவியிருந்தது. அந்த விளையாட்டிற் கதையின் கையெழுத்துப் பிரதி அழிந்துபோயிற்று. டால்ஸ்டாய் பெரிதும் வருந்தினார். அது கண்ட சேம்காவும் பேத்காவும் அதனை மீண்டும் எழுதித் தருவதாக முன்வந்தனர். ஓரிரவு அவருடைய அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நள்ளிரவு நெருங்கும்வரை ஒருவன் சொல்ல மற்றவன் எழுதினான். தாள் அழிந்ததேயன்றிக் கதை அழியவில்லை. அதன் ஒழுங்கு அவர்கள் நெஞ்சிலே நிலைத்திருந்தது.

இவ்வநுபவத்தை, யார் யாரிடம் எழுதக் கற்பது என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையில் 1862ஆம் ஆண்டில் அவர் விளக்கினார். எழுதுதல் என்பது ஒரு செயலன்று, பல செயல்களின் கூட்டு என்பது அவர் கருத்து. பல எண்ணங்களுள் ஒன்றைத் தெரிதல், அதற்குச் சொல் காணுதல், உரிய இடத்தில் அமைத்தல், முன் கூறியதை நினைவிற் கொள்ளுதல், கூறியது கூறாமை, முன்னும் பின்னும் தொடுத்தல் ஆகிய அனைத்தையும் சிறுவன் ஒருங்கே தாங்கமாட்டான். ஆதலின், தொடக்கத்தில் இச்சுமையிற் பெரும்பங்கை ஆசிரியர் ஏற்று, பின்னர் ஒவ்வொன்றாய்ப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் வேண்டும். கையெழுத்தையும் எழுத்துப்பிழையையும் சுட்டி, எழுதும் ஆர்வத்தை முறித்தல் ஆகாது என்றும் அவர் வற்புறுத்தினார்.

அப்பள்ளி நீடிக்கவில்லை. 1862ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அவர் ஊரில் இல்லாதபோது, காவற்படையினர் வீட்டையும் பள்ளியையும் சோதனையிட்டனர். அவ்வாண்டிலேயே அவர் மணம்புரிந்தார். பள்ளி வேலையும் நின்றது. எனினும், பிள்ளைகளுக்காக எழுதும் விருப்பம் அவரை விட்டு நீங்கவில்லை. 1872இல் அவருடைய அரிச்சுவடி வெளிவந்தது.

அடிமைகளாய்ப் பிறந்த சிறுவர் இருவர், உலகம் போற்றும் எழுத்தாளர் ஒருவரின் முதற் பக்கத்தை நன்றன்று எனத் தள்ளினர். அவர் சினவாது, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினார். கதை எழுதக் கற்பிக்கும் ஆசிரியருக்கு வேண்டிய முதற் பண்பு அச்செவிசாய்த்தலே.