குடிமை
தமிழகத்தில் ‘குடிமைப் பணி’ என்றால் ஆட்சிப் பணி. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் கேட்டால் துணுக்குறுவார்கள். ‘குடி’ வீட்டையும் குலத்தையும் குறித்த சொல். திருக்குறளின் 96ஆம் அதிகாரத்தில் குடிமை நற்குடிப் பிறப்பின் பண்பு. யாழ்ப்பாணத்திலோ பொருள் தலைகீழாயிற்று: சவரமும் சலவையும் செய்து, நெல்லைக் கூலியாகப் பெற்று, வெள்ளாளர் வீடுகளுக்குக் கட்டுப்பட்டிருந்தவர்களே குடிமக்கள், தந்தையின் தொழில்தான் மகனுக்கும். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதே வேலைக்குச் ‘சலூன்’, ‘லோன்றி’ என்று பெயர். கூலி காசாக, கடையிலேயே கைக்கு வருகிறது. பெயர் மாறினாலும் கத்தரி பெரும்பாலும் அதே கைகளில்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தன் உழைப்புக்குத் தானே விலை சொல்வதும், மகனை வேறு தொழிலுக்கு அனுப்புவதும் சிறிய மாற்றமல்ல. ஊரில் அவை எளிதில் வாய்த்ததில்லை. ‘முடிதிருத்தகம்’ நல்ல தமிழ், தாராளமாக எழுதலாம். ‘குடிமகன்’ என்ற சொல்லை இனிப் பிரசைக்கு மட்டும் வழங்குங்கள்.