பிரௌனிங் ஆட்டோ-5: காலக் கணிப்பும் மதிப்பீடும்

1. ஆய்வுப் பொருள்

ஜான் மோசஸ் பிரௌனிங் 1900-இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5, பெருவெற்றி கண்ட முதல் அரைத்தானியங்கி ஷாட்கன். சுட்டதும் அதன் குழலும் பூட்டும் பிணைந்தபடியே பின்னோக்கி ஓடும். அந்த ஓட்டத்தின் விசையே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றும். உரிமத்தொகைப் பேச்சு வின்செஸ்டருடன் முறிந்தது. 1902-இல் பிரௌனிங் ரெமிங்டன் அலுவலகத்தில் காத்திருந்தபோதே அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லி இறந்தார். எனவே உற்பத்தி பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலிலுள்ள எஃப்.என். ஆலைக்குப் போனது.

பழைய ஆட்டோ-5 ஒன்றின் காலத்தையும் விலையையும் தனித்தனியே கணிக்க இயலாது, காலத்தைச் சொல்லும் தடயங்களே விலையையும் தாங்கி நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. காலக் கணிப்பு

2.1 பிறப்பிடம்: எஃப்.என். 1903-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ரெமிங்டன் 1905 முதல் செய்தது பின்னர் மாடல் 11 எனப் பெயர் பெற்றது. 1970-களின் நடுவில் அமெரிக்கச் சந்தைக்கான உற்பத்தி ஜப்பானின் மிரோகுவுக்கு மாறியது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், முத்திரைகளைப் பார்த்தே பிறப்பிடத்தை உறுதி செய்ய வேண்டும். லியேஜ் சோதனைச் சாலையின் கிரீடமும் ‘ஈ.எல்.ஜி.’ எழுத்துகளும் பெல்ஜியப் பிறப்பைக் காட்டும்.

2.2 வரிசை எண்: 1958 முதல் 1967 வரை எண்ணின் முன்னொட்டில் ஆண்டின் இறுதி இலக்கமும் வகையின் எழுத்தும் வரும். ‘2எஸ்’ என்றால் 1962-இல் செய்த, எடை குறைந்த 16 போர் (குழல் அளவு) வகையான ஸ்வீட் சிக்ஸ்டீன். ‘8ஜி’ என்றால் 1958-இல் செய்த, எடை குறைந்த 12 போர்.

2.3 உறுப்புகள்: பாதுகாப்பு விசை பழைய துப்பாக்கிகளில் விசைக் காப்பு வளையத்தினுள் முன்புறம் இருக்கும், 1950-களின் தொடக்கத்தில் அது விசையின் பின்னால் இடம் மாறியது. குழலைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிது. ஆகவே குழலின் முத்திரை குழலுக்கு மட்டுமே சான்று. வரிசை எண்ணும் உறுப்புகளும் அதனோடு ஒத்துப்போக வேண்டும்.

3. மதிப்பீடு

3.1 வகை: பெல்ஜியத்தில் செய்த ஸ்வீட் சிக்ஸ்டீனுக்குச் சேகரிப்போரிடம் நாட்டம் மிகுதி. மேல்விளிம்பற்ற குழலைவிடத் துளைவிளிம்புக் குழலுக்கு விலை கூடும்.

3.2 மாறாமை: குழல்வாயின் குறுக்கமான சோக்கின் அளவை நட்சத்திரக் குறி சொல்லும், ஒற்றை நட்சத்திரம் முழுச் சோக். அக்குறி இருந்தும் குழல்வாய் குறுகாதிருந்தால், குழலை வெட்டியிருக்கக் கூடும். மெருகேற்றிப் புதிதாய் நீலச்சாயம் ஏற்றினால் எழுத்துகளின் ஓரம் மழுங்கும். அழகு கூடினாலும் சான்று தேயும். 1960-களின் பிற்பகுதிக் கட்டைகள் சிலவற்றில், மரத்தை உலர்த்தப் பயன்படுத்திய உப்பு இரும்பை அரித்தது. கட்டை தொடும் இடங்களைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசலாகாது.

3.3 இயங்குநிலை: குழலின் பின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உராய்வு வளையங்களைத் தவறாக அடுக்கிச் சுட்டால் முன்கட்டையில் விரிசல் விழும். பழைய 16 போர் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளமே, இன்றைய 70 மி.மீ. தோட்டாவை அதில் சுடுவது ஆபத்து. அறையை நீட்டி, வெற்றுத் தோட்டா வெளியேறும் வாயையும் அதற்கேற்ப மாற்றினால் சுடலாம். ஆனால் சேகரிப்பு மதிப்பு குறையும்.

4. முடிவு

தேய்ந்த கல்வெட்டைப் புதிதாய்ச் செதுக்கினால் அது கல்வெட்டாக எஞ்சாது. இத்துப்பாக்கியும் அப்படியே. வாரிசாக இதைப் பெற்றவர் துரு பரவாமல் எண்ணெய் இடட்டும்; மெருகேற்றுவதற்கு முன், எந்த எழுத்து அழியப்போகிறது என்று பார்க்கட்டும்.